கோட்டுக் கையில் ஒரு துண்டுச் சாக்கு

1

இந்த வாரம் என் மாமியாருக்குத் திதி வந்தது. பினாங்கில் திதி கொடுப்பது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை. எள் கிடைக்கிறது, வாழைக்காய் கிடைக்கிறது, மந்திரம் சொல்லக்கூட ஆள் இருக்கிறார். காக்கைதான் கூப்பிட்ட குரலுக்கு வராது. இந்த ஊர்க் காக்கைக்கு மீன் பாசாரிலேயே வயிறு நிறைந்துவிடுகிறது. நாம் வைக்கிற பிண்டத்தை அது ஒரு பொருட்டாக நினைப்பதில்லை.

என் வீட்டுக்காரர் சதாசிவம் கடலில் முழுகி வந்து, காரியத்தை முடித்து, சட்டையை மாட்டினார். மாட்டியதும் வலது கைப் பக்கத்தை இடது கையால் ஒருமுறை தடவிக்கொண்டார். திதி வருகிற ஒவ்வொரு வருஷமும் இப்படிச் செய்கிறார். செய்வது அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன். அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, இதைப் பற்றி ஊருக்கு இதுவரை ஒரு வரி எழுதவில்லையே என்று தோன்றியது.

நாகப்பட்டினத்திலிருந்து வருகிற கடிதங்களில் தவறாமல் ஒரு கேள்வி இருக்கும். அக்கரையில் உடம்புக்கு முடியாமல் போனால் யார் பார்ப்பார்கள், வேலைக்குப் போகாவிட்டால் வெள்ளைக்காரன் என்ன செய்வான் என்று. ஆஸ்பத்திரி இருக்கிறது, காய்ச்சலுக்குக் கொயினா இருக்கிறது, கவலைப்படாதீர்கள் என்று எழுதிப் போட்டுவிடுவேன். உடம்புக்கு ஒன்றுமில்லாமல் மனசுக்கு முடியாமல் போனால் என்ன செய்வது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. யாரும் கேட்காவிட்டால் என்ன, நானே சொல்லுகிறேன்.

2

அவருக்கு வேலை துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் ஆபீசின் கிட்டங்கியில். நடுக்கடலில் நிற்கிற கப்பலிலிருந்து தொங்கான் படகில் வந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணிப் பதிகிற கிராணி, அதாவது குமாஸ்தா. இந்த ஊருக்கு நான் வந்த புதிதில் ஒரு நாள் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். திறந்த வாயை நான் மூடவில்லை. சீனன் தூக்குகிறான், தமிழன் இறக்குகிறான், மலாய்க்காரன் படகைப் பிடிக்கிறான், வாசலில் தாடிக்காரப் பஞ்சாபி காவல் நிற்கிறான். ஒருவன் பேசுவது இன்னொருவனுக்குப் பாதி புரியாது. ஆனாலும் ஒரு மூட்டை தண்ணீரில் விழவில்லை. இத்தனை பேரையும் இத்தனை பாஷையையும் ஒரே கரையில் கொண்டுவந்து சேர்த்தது எது என்று நினைத்து நினைத்து அன்று எனக்குத் தலை சுற்றியது.

நான் சொல்ல வந்த வருஷத்தில் ரப்பர் விலை படுத்துவிட்டது. தோட்டங்களில் பால் வெட்டு நின்றது. சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டத்துச் சனங்களை மூட்டை முடிச்சோடு கொண்டுவந்து ஊருக்குக் கப்பல் ஏற்றினார்கள். அவருடைய ஜன்னலுக்கு நேர் எதிரே அந்த வரிசை நிற்கும். ஆபீசிலும் ஆளைக் குறைத்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் வீட்டுக்குப் போனார். அவர் வேலை இவர் தலையில் விழுந்தது. இவர் வாயைத் திறக்கவில்லை. இவர் வாய் திறக்காத ரகம். இவருக்கும் சேர்த்துப் பேசத்தான் என்னைக் கட்டி வைத்தார்களோ என்று எங்கள் வீட்டில் கேலி செய்வார்கள்.

ஆபீஸ் சட்டம் சுருக்கமானது. உடம்பு சரியில்லையா, ஆஸ்பத்திரிக் கடுதாசி கொண்டு வா. கடுதாசி இல்லாமல் நின்றால் ஓர் எச்சரிக்கை. அதற்குப் பிறகும் நின்றால் நாற்காலி வேறு ஆளுக்கு. வேலை கேட்டு வாசலில் எந்நேரமும் ஆட்கள் நின்ற காலம் அது. நாற்காலி போனால் நாங்களும் அந்தக் கப்பல் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

3

ஆயர் ஈத்தாம் போகிற டிராம் வழியில் ஒரு கடைவீட்டின் மாடியில் நாங்கள் குடியிருந்தோம். கீழே ஒரு சீனக் குடும்பம். அந்த வீட்டு அம்மாளை எல்லோரும் நோன்யா என்றே அழைப்போம். அவளுக்கு மலாய் நன்றாக வரும், எனக்கு அரைகுறையாக வரும், அதை வைத்து நாள் முழுக்கப் பேசுவோம். என் மகள் சரோஜாவுக்கு அப்போது ஏழெட்டு வயது. பாதி நேரம் கீழ்வீட்டுப் பிள்ளைகளோடுதான் இருப்பாள். தமிழில் ஆரம்பித்துச் சீனத்தில் முடிப்பாள். அவள் அப்பா சிரிப்பார், எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

சீனப் பெருநாள் தொடங்கிச் சில நாள் ஆகியிருந்தது. தெரு முழுக்கப் பட்டாசின் சிவப்புக் காகிதம். அதை மிதித்துக்கொண்டுதான் தபால்காரன் வந்தான். என் மாமியார் போய்விட்டாள் என்று கொழுந்தனார் எழுதியிருந்தார். நாங்கள் இங்கே பொங்கல் வைத்துச் சத்தம் போட்ட அன்றைக்கு அங்கே அவளைத் தூக்கியிருக்கிறார்கள். பிள்ளை அக்கரையில் பதறுவான், தந்தி கொடுக்க வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டுப் போனாளாம். கடிதம் எங்கள் கைக்கு வரும்போது பதினாறும் முடிந்திருந்தது.

மாடிப்படியின் அடியில் நின்றே அவர் அதைப் படித்தார். வழக்கப்படி கிழித்து வெளியே போட்டார். கடலுக்குப் போய்த் தலையும் மீசையும் மழித்து, முழுகி, ஈர வேட்டியோடு வந்தார். அழவில்லை. எனக்கும் அந்த அம்மாளுக்கும் ஏழாம் பொருத்தம், நான்கூட அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. லீவு போடுங்கள் என்றதற்கு, பெருநாள் லீவு இப்போதுதானே முடிந்தது, ஆள் குறைக்கிற நேரத்தில் எந்த முகத்தோடு கேட்பது என்றார். மறுநாள் காலையில் மொட்டைத் தலையோடு ஆபீசுக்குப் போனார்.

அங்கேதான் ஒரு கூத்து நடந்தது. இதை ஊரில் இருக்கிறவர்கள் நம்புவது கஷ்டம்.

பினாங்கில் தைப்பூசம் என்றால் தமிழர் மட்டும் கொண்டாடுகிற திருநாள் என்று நினைக்காதீர்கள். தண்ணீர்மலை முருகனுக்குச் சீனர்களும் வேண்டிக்கொள்வார்கள். தேர் வருகிற வழியில் மலை மலையாகத் தேங்காய் குவித்து உடைப்பார்கள். தேங்காய்த் தண்ணீர் ஆறாக ஓடும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு மேல் சிலிர்த்துவிட்டது. ஆகவே பூசத்துக்குச் சில நாள் முன்னால் ஒரு தமிழன் மொட்டைத் தலையோடு வந்தால், பினாங்கில் பிறந்த எவருக்கும் அதற்கு ஒரே ஓர் அர்த்தந்தான் தெரியும். வேண்டுதல் பலித்திருக்கிறது!

காவல்காரர் சிரித்துக்கொண்டு சலாம் வைத்தாராம். மலாய்ப் பியூன் முதுகில் தட்டினானாம். குமாஸ்தாக்களில் இவர் ஒருவர்தான் தமிழர். மற்றவர்கள் எல்லோரும் எழுந்து வந்து சூழ்ந்துகொண்டார்கள். பெரிய கிராணி ஒரு வயதான சீனர், சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவரே நாற்காலியை விட்டு எழுந்து வந்து, பெருநாளுக்குக் கொடுக்கிற ஆரஞ்சுப் பழம் இரண்டை இவருடைய இரண்டு கையிலும் வைத்து, இந்த வருஷம் உனக்கு நல்ல வருஷம் என்று வாழ்த்தினார். சீனப் பெருநாள் முடிகிறவரை சாவு என்ற சொல்லை அவர்கள் வீட்டுக்குள் விட மாட்டார்கள். இவர் பழத்தை வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் அந்தப் பழங்களை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் என்னிடம் சொன்னார். “அவ்வளவு சந்தோஷமாக் குடுத்தாரு. அந்தக் கையில நான் எப்படிச் சாவைக் கொண்டுபோய் வைக்கிறது?”

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. நான் போய்க் கீழே நோன்யாவிடம் சொல்லிவிடுகிறேன், அவள் நாலு பேரிடம் சொல்லட்டும் என்று புறப்பட்டேன். சரோஜா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“பெருநாள்ல அதெல்லாம் சொல்லக்கூடாதுலா, அம்மா. அவங்களுக்கு வருஷம் பூரா ஆகாதுலா.”

அப்பாவைப் பெற்ற பாட்டி செத்ததற்குக் கீழ்வீட்டு சாஸ்திரம் பேசுகிறாளே என்று ஓங்கிய கையை, அவர் பார்த்த பார்வையில் கீழே போட்டேன். அவர்களுக்குப் பெருநாள் முடிகிற இரவும் நமக்குத் தைப்பூசமும் அந்த வருஷம் ஒரே நாளாக அமைந்தன. அதற்குள் ஆபீஸ் முழுக்க வாழ்த்தி முடித்திருந்தது. வாழ்த்து வாங்கிக்கொண்டவர், பெருநாள் முடிந்ததும் போய், அதெல்லாம் இல்லை ஐயா, என் தாய் செத்தாள் என்று சொல்வாரா? வாழ்த்திய அத்தனை பேரும் கூசிப்போக மாட்டார்களா? அவர் விழுங்கிக்கொண்டார். மொட்டைத் தலையில் மயிர் முளைக்க ஆரம்பித்தது.

நம் ஊரில் ஒருவன் துக்கத்தைத் தானாகச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. பறைச் சத்தமே தெரு முழுக்கச் சொல்லிவிடும். பதினாறாம் நாள் தலைப்பாகை கட்டி வெளியே வருகிறவனைப் பார்த்தால் கடைக்காரன்கூடக் குரலை இறக்குவான். துக்கம் கேட்க வந்துவிட்டு நகைக் கணக்குக் கேட்கிற உறவும் அங்கே உண்டு, அதையும் மறக்கவில்லை. இருந்தாலும் பேச வேண்டியதில்லை என்கிற ஒரு வசதி அங்கே இருந்தது. அது வசதி என்று இங்கே வந்துதான் தெரிந்தது.

4

பூசம் முடிந்து அவருக்குக் காய்ச்சல் வந்தது. நிஜமான குளிர்காய்ச்சல், கட்டில் ஆடியது. ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியான டிரசராக இருந்தவர் ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பி. நல்ல பிள்ளை. கொயினா கொடுத்து, டாக்டரிடம் கையெழுத்து வாங்கி, கடுதாசியும் கொடுத்தார். அதை ஆபீசில் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டார்கள்.

காய்ச்சல் விட்டது. அவர் எழுந்து குளித்தார், கோட்டு மாட்டினார், காலில் சப்பாத்து போட்டார், கீழே இறங்கினார். நான் ஜன்னலில் நின்றேன். டிராம் வந்தது, நின்றது, போனது. அவர் ஏறவில்லை. அடுத்ததும் போனது. பிறகு மெல்லப் படியேறி வந்து, சப்பாத்தோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். என்ன என்று கேட்டால், கால் வரவில்லை என்று ஒரே சொல். மறுநாள் டிராமில் ஏறினார். துறைமுகத்துக்குப் போகிற டிராமில் அல்ல, எதிர்ப்பக்கம் போவதில். ஆயர் ஈத்தாமில் இறங்கி, மலையடியில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார்.

நான் சத்தம் போட்டுப் பார்த்தேன். கெஞ்சிப் பார்த்தேன். தண்ணீர்மலைக்குப் போய் முருகனிடம் சண்டை போட்டுவிட்டு வந்தேன். உன்னால்தானே இந்தக் குழப்பம், உன் பெயரைச் சொல்லித்தானே எல்லோரும் வாழ்த்தினார்கள் என்று கேட்டேன். அந்த மலைமேல் நின்று பார்த்தால் ஊரும் கடலும் கப்பலும் காலடியில் தெரியும். அவ்வளவு பெரிய ஊரில் ஒரு மனிதனால் ஒரு சொல்லைச் சொல்ல முடியவில்லை என்பது அப்போது எனக்குப் பெரும் பயமாக இருந்தது. ஊராக இருந்தால் பேய் பிடித்திருக்கிறது என்று வேப்பிலை அடித்திருப்பார்கள். எனக்கு அதுவும் தெரியாது.

இவரைக் கூட்டிக்கொண்டு டிரசர் தம்பியிடம் போய் இன்னொரு கடுதாசி கேட்டேன். அவர் இவருடைய நாடியைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், என்னைத் தனியே கூப்பிட்டார்.

“அக்கா, காய்ச்சல் விட்டிட்டுது. இல்லாத காய்ச்சலை நான் எழுத ஏலாது. மனவருத்தம் எண்டு எழுதுறதுக்கு இந்தக் கடுதாசியில இடமே விடேல்லை.”

அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. சில நாளில் ஆபீஸ் பியூன் எச்சரிக்கையைக் கொண்டுவந்து கொடுத்தான். வருகிற திங்கட்கிழமை வராவிட்டால் நாற்காலிக்கு வேறு ஆள். அவர் அதைப் படித்தார், மடித்து வைத்தார், சப்பாத்தின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

5

சனிக்கிழமை நோன்யாவோடு பாசாருக்குப் போனேன். அங்கே ஒரு சீனக் காய்கறிக்காரன். எனக்கும் அவனுக்கும் தினசரி சண்டை. நான் விலையைக் குறைப்பேன், அவன் நெஞ்சில் அடித்துக்கொள்வான், கடைசியில் இரண்டு பேரும் சிரித்துவிட்டு வியாபாரத்தை முடிப்போம். சில நாளாக ஆளைக் காணோம். அன்றைக்கு வந்திருந்தான். கத்தரிக்காய் கேட்டவளுக்குக் கீரையை எடுத்துக் கொடுத்தான். தராசில் கல்லை வைத்துவிட்டுக் காயை வைக்க மறந்தான். கேட்டதற்குப் பாதிதான் எனக்கு நிறுத்துப் போட்டான். இன்றைக்குச் சரியாக மாட்டினான் என்று நான் வாயைத் திறந்தேன். நோன்யா என் கையில் நறுக்கென்று கிள்ளினாள்.

அப்போதுதான் சுற்றிலும் பார்த்தேன். பினாங்குப் பாசாரின் இரைச்சல் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஒரு பக்கம் மீன் வெட்டுகிற சத்தம், ஒரு பக்கம் கோழிச் சத்தம், நாலு பாஷையில் பேரம். அந்த மனிதனுடைய கூடையைச் சுற்றி மட்டும் சத்தமே இல்லை. கத்தரிக்காய் கேட்டவள் கீரையை மெல்லத் திருப்பி வைத்துவிட்டுக் கத்தரிக்காயைத் தானே எடுத்துக்கொண்டாள். இன்னொருத்தி மறந்த காயைத் தானே தட்டில் வைத்தாள். ஒருவரும் பேரம் பேசவில்லை, ஒருவரும் அவன் முகத்தை உற்றுப் பார்க்கவில்லை. மீன் வெட்டுகிறவன்கூட அந்தப் பக்கம் திரும்பிக் கத்தவில்லை. இத்தனை பெரிய சந்தையைக் கையமர்த்தி வைத்தது எது என்று தேடினேன். அவனுடைய சட்டைக் கையில், வெற்றிலையில் பாதி அளவுக்கு ஒரு சாக்குத் துணி ஊசியால் குத்தியிருந்தது.

பாசாரைத் தாண்டி வெகு தூரம் வந்த பிறகுதான் நோன்யா வாயைத் திறந்தாள். பெற்றவர்களைப் பறிகொடுத்த பிள்ளைகள் குத்திக்கொள்கிற துணியாம் அது. தந்தைக்கு ஒரு கை, தாய்க்கு ஒரு கை. அதைப் பார்த்தவர்கள் கேலி பேசக்கூடாது, பிழை செய்தால் திட்டக்கூடாது, என்ன ஆயிற்று என்றும் கேட்கக்கூடாது. அப்படியானால் அவன் வாயைத் திறந்து எதையும் சொல்லவே வேண்டாமா என்று கேட்டேன். எதற்குச் சொல்ல வேண்டும் என்று அவள் என்னையே திருப்பிக் கேட்டாள்.

நடுத்தெருவில் நின்று எல்லாவற்றையும் அவளிடம் கொட்டிவிட்டேன். கடிதம் வந்தது, மொட்டை எதற்கு அடித்தது, ஆரஞ்சுப் பழம், டிராம், திங்கட்கிழமை. அவள் முகம் வெளுத்துவிட்டது. இவர் மொட்டைத் தலையோடு படியிறங்கியபோது அவளுந்தான் சிரித்து வாழ்த்தியிருந்தாள்.

அந்தத் துணி எனக்கு வேண்டும் என்றேன். அவள் பதறிப்போனாள். அது சவப்பெட்டிக்கு முன்னால் நின்று குடும்பத்தார் குத்திவிடுவது, நினைத்தபோது யாரும் தைத்துக்கொள்வதில்லை என்றாள். துக்கமில்லாதவன் அணிந்தால் வீட்டுக்குச் சாவு வரும். சீனனல்லாதவன் அணிந்தால், எங்கள் துக்கத்தைக் கேலி செய்கிறான் என்று நினைப்பார்கள். உன் புருஷனுடைய பெரிய கிராணியும் சீனர், அதை அவர் ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டார். இதையெல்லாம் சொன்னாள். எல்லாம் நியாயந்தான். அவர் துக்கத்தில்தான் இருக்கிறார், எங்களுக்கு அதைச் சொல்ல இந்த ஊரில் வேறு வழி தெரியவில்லை என்று மட்டும் சொன்னேன்.

வீடு வந்து சேர்ந்தோம். நான் மாடிப்படியில் கால் வைத்தபோது கூப்பிட்டாள். திரும்பினேன். அவள் முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டு, தன்னுடைய வலது கையை, முழங்கைக்கு மேலே, விரலால் ஒருமுறை தொட்டுக் காட்டினாள்.

6

அரிசிச் சாக்கில் ஒரு மூலையை வெட்டினேன். பிரிகிற நூலை உள்ளே மடித்துத் தைத்தேன். திங்கட்கிழமை காலையில் அவர் கோட்டின் வலது கையில் குத்திக்கொண்டிருந்தபோது அவரே வந்து நின்றார். அது என்ன என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தினமும் சீனரோடு வேலை செய்கிறவர்.

“இது நம்ம வழக்கமா?” என்று கேட்டார்.

“இல்லதான். ஆனா நாம இருக்கிறது இந்த ஊருலதானே.”

வெகு நேரம் அந்தத் துணியைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டார்.

சரோஜாவைக் கீழே நோன்யாவிடம் விட்டுவிட்டு நானும் கூடவே கிளம்பினேன். ஆபீசுக்குப் பெண்பிள்ளை போவது அழகா என்று யாராவது கேட்டால் கேட்கட்டும். டிராம் வந்தது. அவர் நின்றார். நான் முதுகில் கை வைத்துத் தள்ளினேன், ஏறினார். உள்ளே எதிரே ஒரு சீனக் கிழவர். கண் முதலில் துணிக்குப் போனது, பிறகு இவர் முகத்துக்கு, பிறகு என் நெற்றிக்கு. புருவத்தைச் சுருக்கினார். நோன்யா சொன்னதுதான் நடக்கப்போகிறது, இறங்கிவிடலாம் என்று நினைத்தேன். கிழவர் எழுந்தார். தன் இடத்தை இவருக்குக் கையால் காட்டிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். துறைமுகம் வரும்வரை இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

கிட்டங்கி வாசலில் அவர் கால் மறுபடியும் நின்றுவிட்டது. காவல்காரர் ஏதோ கேட்க வாயெடுத்தவர், துணியைப் பார்த்துவிட்டு விலகி நின்றார். உள்ளே குமாஸ்தாக்கள் தலை நிமிர்ந்தார்கள். இவ்வளவு நாள் எங்கே போனாய் என்று கேட்கத் தயாராக இருந்த முகங்கள் ஒவ்வொன்றாக அடங்குவதை நான் வாசலில் நின்று பார்த்தேன். பேனாச் சத்தம் நின்றது. மலையிலும் கோயிலிலும் நான் சிலிர்த்திருக்கிறேன். மூட்டை நாற்றம் அடிக்கிற ஒரு கிட்டங்கியில் அப்படிச் சிலிர்க்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

பெரிய கிராணி எழுந்து வந்தார். துணியைப் பார்த்தார். இவர் தலையைப் பார்த்தார். மயிர் ஒரு விரல்கடை முளைத்திருந்தது. அந்தத் தலை எதற்காக மழிக்கப்பட்டது என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். தான் வாழ்த்திப் பழம் கொடுத்ததும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றினார். துணி இருந்த பக்கத்தைப் பார்த்துவிட்டு மலாயில் ஒரே சொல் கேட்டார். “மாக்?”

தாயா என்று கேட்டார். கேட்கக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். வழக்கத்தை மீறித்தான் கேட்டார்.

இவர் தமிழில் பதில் சொன்னார். அந்த மனிதருக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. “அம்மா செத்துட்டாங்கய்யா. பொங்கலன்னிக்கே செத்துட்டாங்க.” கடிதம் வந்ததிலிருந்து என்னிடம்கூட அவர் இப்படிச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அழுதார். நான் கல்யாணம் ஆகி வந்த நாளாக அவர் அழுது பார்த்ததில்லை. பெரிய கிராணி எல்லாம் புரிந்தவர் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே, அழுது முடிகிறவரை அவர் எதிரே நின்றார். பிறகு துரையின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

உள்ளே என்ன பேசினார் என்று இன்றுவரை தெரியாது. இங்கிலீஷ் குரல் ஒன்று உயர்ந்தது, தணிந்தது. அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்தவர் நேராக என்னிடம் வந்தார். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ, இரண்டு வாரம் கழித்து வரட்டும், கடுதாசி வேண்டாம், நாற்காலி அங்கேயே இருக்கும் என்று மலாயில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எனக்குக் கைகூப்பத்தான் தெரிந்தது. தண்ணீர்மலையானிடம்கூட அவ்வளவு பணிவாக நான் கைகூப்பியதில்லை.

அவரிடம் போய், வாங்க, வீட்டுக்குப் போகலாம், லீவு கொடுத்துவிட்டார்கள் என்றேன். அவர் அதற்குள் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கன்னம் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. எதிர் மேசைக்காரன் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தான்.

“நீ போ. நான் இங்கயே இருக்கேன்,” என்றார். “இங்க எல்லாருக்கும் தெரியும்.”